வீடு சுருங்குகிற படம்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு ஒரு கோடையில் பத்து நாள் பயிற்சி நடந்தது. காரைக்காலிலிருந்து நான் ஒருத்திதான் போயிருந்தேன். ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், பயிற்சி நடத்திய அம்மையார் திரையை இறக்கிவிட்டு ஒரு படம் போட்டார். இயக்குநரின் பெயரைச் சொன்னார். நான் கேள்விப்படாத பெயர். கனவு மாதிரிப் படம் எடுப்பவர், பொறுமையாகப் பாருங்கள் என்றார்.

படத்தில் ஒரு சின்ன ஊர்த் தபால் நிலையம். வந்து இறங்குகிற கடிதங்கள் எல்லாம் நனைந்திருக்கின்றன. வெளியே நல்ல வெயில். குமாஸ்தா ஒவ்வொரு கடிதமாக எடுத்து, உதறி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறான். கடிதம் வாங்க வருகிறவர்கள், இன்னும் காயவில்லையா என்று கேட்டுவிட்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போகிறார்கள். ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு கட்டத்தில் அவன் ஒரு சிவப்பு உறையைக் கையில் எடுத்து யோசிக்கிறான். பிறகு, சாயம் போகும் என்பதுபோல அதை மட்டும் தனியாகப் போடுகிறான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அரங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் முடிந்ததும் அம்மையார் என்னிடம் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டார். "துணி துவைத்துக் காயப்போடுகிறவருக்குத்தான் இந்தக் காட்சி தோன்றும்" என்றேன். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். ஈரம் என்பது கண்ணீரா, போரா, மறதியா என்று மற்றவர்கள் மாலை தேநீர் வரும்வரை பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் மனம் ஒட்டவில்லை. சிவப்பு உறை தனியாகக் காய்ந்துகொண்டிருந்ததுதான் என் மனதில் நின்றது.

அதிலிருந்து அந்த இயக்குநருடைய படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். மொத்தம் ஒன்பது படங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாலையில் அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு படத்தைப் பார்த்து முடிக்க மூன்று நாள், நான்கு நாள் ஆகும். அடுத்த வீட்டிலிருக்கும் என் லாத்தா, எனக்கு மூத்தவள், ஒருநாள் வந்து பின்னால் நின்றாள். திரையில் ஒரு கிழவர் ஆளில்லாத ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, தன் நிழலுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஏன்டி, படம் நின்னுபோச்சா?" என்றாள்.

"ஓடுதுல லாத்தா. சீப்பு நகருது பாரு."

"இதுக்கா இம்புட்டுப் படிச்சே?"

அவள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு அந்தப் படங்களின் மேல் இருந்த பிடிப்புக்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. கனவென்றால் புகைமூட்டமாகவும் மங்கலாகவும் இருக்கும் என்று சொல்கிறவர்கள் தங்கள் கனவை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பேன். கனவில் வருகிற தேக்கரண்டியில்கூட கீறல் தெரியும். அந்த மனிதரின் படங்களும் அப்படித்தான். நடப்பது நடக்க முடியாத காரியமாக இருக்கும். ஆனால் அது நடக்கிற விதத்தில் ஒரு பிசகு இருக்காது.

என் கணவர் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் மரவேலை பார்த்தார். உதவியாளாகப் போய், பெரிய ஹோட்டல்களுக்குக் கதவும் நிலையும் அலமாரியும் பொருத்துகிற குழுவுக்குத் தலைவராகத் திரும்பினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து அவர் வந்து இறங்குவது என் வீட்டில்தான். மகள் பிறந்ததும் வளர்ந்ததும், பிறகு படிக்கச் சென்னைக்குப் போனதும் எல்லாம் அவருக்குத் தொலைபேசியில்தான். இரண்டு வருடத்துக்கு முன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, ஒரேயடியாக ஊர் திரும்பினார்.

திரும்பியவர் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போவார். வந்து, வாசலுக்கு அருகே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரி இருக்கும். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அதைவிடச் சங்கடமான ஒரு மரியாதை இருந்தது. தாகம் எடுத்தால், "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஃப்ரிட்ஜைத் திறப்பார். "எடுத்துக்கங்க மச்சான், கேக்கணுமா?" என்பேன். மறுநாளும் கேட்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை உள்ளூர் விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டு, வழக்கமாக அவர் தூங்குகிற நேரம். நான் அந்த இயக்குநரின் நான்காவது படத்தை மறுபடியும் போட்டிருந்தேன். அவர் தூக்கம் வராமல் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் உடனே ஆசிரியை ஆகிவிட்டேன். "இவன் வெளியூரு போயி வர்ற ஆளு மச்சான். இப்ப அவ என்ன சொல்றான்னா..." என்று மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

"நீ சொல்லாத. பாக்குறேன்" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் படத்தின் கதை இவ்வளவுதான். ஒருவன் பெட்டியோடு வெளியூர் போய், சில மாதம் கழித்து வீடு திரும்புகிறான். வெளியிலிருந்து பார்க்க வீடு ஒரு சாண் குறைந்திருக்கிறது. வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்கிறான். உள்ளே எல்லாம் எப்போதும் போல இருக்கிறது. மனைவி சமைக்கிறாள், மகள் பாடம் படிக்கிறாள், கூரை உயரமாகத்தான் நிற்கிறது. மறுமுறை வரும்போது குனிந்து நுழைகிறான். அதற்கு அடுத்த முறை தவழ்ந்து. ஐந்தாவது முறை வீடு அவன் இடுப்பளவுக்கு வந்துவிடுகிறது. உள்ளே போக வழியில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டுகிறான். மனைவி திடுக்கிடுவதில்லை. அந்தக் கையில் ஒரு ரொட்டித் துண்டை வைக்கிறாள். மகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கையின் நகங்களை வெட்டிவிடுகிறாள். படம் அதோடு முடிகிறது.

முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"கனவுப் படம்னுதானே சொன்னே?"

"ஆமா."

"கனவு ஒண்ணும் இல்ல. நான் ஒவ்வொரு லீவுக்கும் வந்தப்ப இப்புடித்தான் இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "வீட்ட யாரு சுருக்குனா? நானா?"

"நான் யாரையும் சொல்லல புள்ள."

"பின்ன?"

அவர் கூடத்து மூலையைக் காட்டினார். "கல்யாணமான புதுசுல அந்த எடத்துலதான் பாய போட்டுப் படுப்பேன். அங்கதான் காத்து வரும். மூணாவது லீவுல வந்தேன். அங்க ஃப்ரிட்ஜு நின்னுச்சு."

"அத அனுப்புனதே நீங்கதானே!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை. எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டுக்குள் தனியாக நின்றவள் நான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும், மழையில் பின்சுவர் விழுந்தபோதும், வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோதும் நான்தான் இருந்தேன். "உள்ள இருந்தவளப் பத்தி எவனும் படம் எடுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினேன். இரண்டு நாள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. எனக்கு மிகவும் பிடித்த படத்தை வைத்தே என்னைக் குத்திவிட்டார் என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அந்தப் படத்த இன்னொரு தடவ போடுறியா?" என்றார்.

"எதுக்கு?"

"அன்னிக்கி அந்த ஆளயே பாத்துட்டு இருந்துட்டேன். உள்ள இருக்குறவங்கள பாக்கல."

போர்த்தியிருந்த துப்பட்டியைக்கூட மடித்து வைக்காமல் படத்தைப் போட்டேன். அவர் இந்த முறை மனைவியை மட்டும் பார்த்தார். அவள் ஒவ்வொரு முறையும் மேசையில் எத்தனை தட்டு வைக்கிறாள் என்று எண்ணினார். அவன் ஊரில் இல்லாத காட்சிகளிலும் மூன்றாவது தட்டு இருந்தது. "வச்சிக்கிட்டேதான் இருந்திருக்கு அந்தப் பொம்பள" என்றார், மெதுவாக. நான் அதை எப்போதோ கவனித்திருந்தேன். ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு நான் அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அடுத்த சில மாதங்களில் இங்கே ஒரு கல்லூரியின் பிரெஞ்சுத் துறையிலிருந்து அழைப்பு வந்தது. மாதம் ஒரு படம் திரையிடுகிறோம், நீங்கள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அறிமுகம் செய்து பேச வேண்டும் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. வீடு சுருங்குகிற படத்தைத்தான் சொன்னேன். கடினமாக இருக்குமே, ஏதாவது குடும்பப் படம் சொல்லுங்களேன் என்றார் துறைத்தலைவி. "இதைவிடக் குடும்பப் படம் கிடையாது" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை. திருநள்ளாறு போகிற கூட்டத்தில் பேருந்துகள் பிதுங்கியதால் மாணவர்கள் பாதிப்பேர் தாமதமாக வந்தார்கள். ஒரு வழியாக அறுபது பேர் சேர்ந்தார்கள். என் கணவரும் வந்தார். வெள்ளைச் சட்டையில், கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஒரு கல்லூரிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

நான் நன்றாகவே பேசினேன். படம் தொடங்கி இருபது நிமிடத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு நாலைந்து பேராகக் கிளம்பினார்கள். விளக்கு எரிந்தபோது இருபத்தைந்து பேர் மிச்சம். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். எழுந்து நின்று கேட்டார்.

"அம்மா, இந்த வீடு எதனுடைய குறியீடு?"

"வீடு வீடுதான் ஐயா. அது சுருங்குகிறது, அவ்வளவுதான்."

"மன்னிக்கணும். அப்படிச் சொன்னால், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துவிட்டுக் கனவு என்று சொல்லிவிடலாமே? கனவுக்கு இலக்கணம் கிடையாதா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது, பிசகில்லாத தன்மை, துல்லியம் என்று சில சொற்கள்தான் வந்தன. எனக்கே அவை வெறும் சொற்களாகக் கேட்டன. பேராசிரியர் தலையாட்டினார். திருப்தியில்லாத தலையாட்டல்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

என் கணவர் எழுந்து நின்றிருந்தார். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன்.

"நான் மரவேல பாக்குற ஆளு. படத்தப் பத்தியெல்லாம் எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஆனா அந்த வீட்டக் கட்டுனவன் வேலைய நான் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் வாசல் நிலை குறையுது. கூரை எறங்குது. சுவரு குறையுது. ஜன்னல் மட்டும் குறையல."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பதினோரு முறை பார்த்த படம் அது.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் பேராசிரியர். "கேமரா கிட்ட வரும், தூரப் போகும். அளவு மாறித் தெரியுமே?"

"அதுக்குத்தாங்க பொட்டி இருக்குது. அந்த ஆளு ஒவ்வொரு தடவையும் பொட்டிய ஜன்னலுக்குக் கீழதான் வைக்கிறான். பொட்டி ஒரே பொட்டி. அத அளவுகோலா வச்சிக்கிட்டா, ஜன்னல் அகலம் ஒண்ணரைப் பொட்டி. அஞ்சு தடவையும் ஒண்ணரைதான். நீங்க வேணுன்னா போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தோம். துறைத்தலைவி ஒவ்வொரு திரும்புதலிலும் படத்தை நிறுத்தினார். என் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையேறி, திரையில் நிழல் விழாமல் ஓரமாக நின்று, விரித்த கையால் பெட்டியையும் ஜன்னலையும் அளந்து காட்டினார். மாணவர்கள் நாற்காலியை விட்டு முன்னால் வந்துவிட்டார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் பேராசிரியரும் மேடைக்கு வந்தார். தன் கையால் ஒருமுறை அளந்தார். ஒன்றரைதான். கடைசிக் காட்சியில் வீடு அவ்வளவு சிறுத்துவிட்டதால், அந்தச் சுவர் முழுக்க ஏறக்குறைய ஜன்னலாகவே இருந்தது. அவன் கை அவ்வளவு சுலபமாக உள்ளே போனது ஏன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எப்போதும் வாசலில் அவன் தலை இடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏதோ தோணுனத எடுத்துருந்தா இந்த அளவு நிக்காதுங்க ஐயா" என்றார் என் கணவர், இறங்கி வரும்போது. "ஒரு ஜன்னல ஒரே அளவுல அஞ்சு சுவத்துல பொருத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல."

பேராசிரியர் சிரித்தார். "இதைத்தான் இலக்கணம் என்று கேட்டேன்" என்றார்.

வீடு திரும்பும்போது நான் அவரிடம், "மொதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"லேப்டாப்புல அளவு புடிபடல. பெரிய திரையில பாத்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. நீ அங்க முழிச்சிக்கிட்டு நின்னே. அதான் எந்திரிச்சேன்."

"நான் ஒண்ணும் முழிக்கல."

"சரி, முழிக்கல."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அந்த இயக்குநரின் படங்களை எனக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் யாருக்கும் தெரியாது என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை இப்போதும் இருக்கிறது, என் வீட்டிலேயே இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு.

அந்த வாரமே இயக்குநருக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினேன். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. படங்களை வெளியிடுகிற அலுவலகத்தின் முகவரிதான் கிடைத்தது. வங்கக் கடலோரம் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன், என் கணவர் தச்சர், ஜன்னல் மட்டும் சிறுக்கவில்லை என்று அவர் கண்டுபிடித்தார், நீங்கள் யோசித்துச் செய்ததுதானா என்று கேட்டிருந்தேன். எழுதும்போது நெடுநாள் தெரிந்தவருக்கு எழுதுவது போல இருந்தது. பதிலை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஐந்து மாதம் கழித்து மின்னஞ்சலில் நான்கு வரி வந்தது. அவருடைய உதவியாளர் எழுதியிருந்தார். கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு முறை படிக்கச் சொன்னார், தச்சருக்கு வணக்கம் சொல்லச் சொன்னார் என்றிருந்தது. கடைசி வரி இயக்குநர் சொன்னதாகவே இருந்தது: இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து எடுத்து வந்த ஒரே ஒரு ஜன்னல்தான் எங்களிடம் இருந்தது.

கொல்லைப்புறத்தில் என் கணவர் இழைப்புளியால் பலகையை இழைத்து மகளுக்கு ஒரு புத்தக அலமாரி செய்துகொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். நாங்கள் அத்தனை பேர் கூடி அளந்தது ஒரு தற்செயலையா என்று தோன்றியது.

அவர் மரச்சுருளைக் கையால் ஒதுக்கிவிட்டு, "ஒண்ணுதான் இருந்துச்சுன்னா வேற யாரா இருந்தாலும் சின்ன வீட்டுக்குத் தக்கன அத அறுத்துருப்பாங்க" என்றார். "அறுக்காம வச்சாரு பாரு. அது அவரு வேலதான்."

அதையும் மறுபடி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது வாரம் ஒரு மாலையில் நாங்கள் சேர்ந்து பார்க்கிறோம். ஒன்பது படத்தில் ஏழு முடிந்துவிட்டது. தபால் நிலையப் படம் என் கணவருக்குப் பிடித்திருந்தது. நிழலுக்குத் தலை வாரும் கிழவரையும் பிடித்திருந்தது. ஏழாவது படத்தில் ஒரு காடு முழுக்க மரங்கள் இடம் மாறி நின்று மனிதர்களை வேடிக்கை பார்க்கும். என் கணக்கில் அந்த இயக்குநர் எடுத்ததிலேயே உயர்ந்த படம் அதுதான். பாதியில் என் கணவர் கொட்டாவி விட்டார்.

"ஏன் மச்சான்?"

"மரமா அது? அட்டையில பெயிண்டு அடிச்சிருக்கு. இந்தத் தடவ மனுசன் ஏமாத்திட்டாரு."

"கனவுல வர்ற மரம் அப்புடித்தான் இருக்கும்."

"என் கனவுல வர்ற மரத்துல வைரம் பாஞ்ச ரேகையே தெரியும்" என்றார்.

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அடுத்த காட்சியை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வாதாடினோம். சத்தம் கேட்டு லாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, எங்களுக்குள் நிஜமாகவே சண்டை என்று நினைத்துத் திரும்பிப் போனாள்.